பிரிக்கப்படாத பெட்டியும் பனிக்கண்டத்து விமானியும்

காலை 5.50க்கு வீட்டுக்குக் கிட்ட உள்ள வென்ட்வேர்த்வில்லில் ரயில் ஏறினேன். சென்ட்ரலில் மாறி, 7.40க்கு மெல்பேர்ன் ரயில். ஒருவழிக் கட்டணம் 117 டொலர். ஏறத்தாழ தொள்ளாயிரம் கிலோமீற்றர், பதினொரு மணித்தியாலம்.

நான் பார்க்கப் போனது கப்டனை. எங்கள் பக்கத்து மெரிலேண்ட்ஸ் முதியோர் இல்லத்தில் ஆறு வருடம் அவரைப் பராமரித்தவள் நான். கடற்படை அதிகாரி. இளவயதில் தென்துருவப் பனிக்கண்டத்தில் ஒற்றை எஞ்சின் விமானம் ஓட்டி, அதுவரை எவரும் கண்டிராத மலைத்தொடர் ஒன்றைப் படம் பிடித்தவர். ஒருமுறை புயலில் தரையிறங்கி, மெக்கானிக்கோடு ஒன்பது நாள் இறக்கைக்குக் கீழே பனிக்குழிக்குள் கிடந்தார். மெக்கானிக்கின் இரண்டு கால்விரல்கள் போயின. கப்டன் பெருமையாகச் சொல்வது மலையை. அழுதுகொண்டு சொல்வது அந்த விரல்களை.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. நான்கு மாதங்களுக்கு முன் தம்பியின் மகன் அவரை மெல்பேர்னுக்கு மாற்றினார். போன கிழமை போனில், பெரியப்பாவுக்கு மனக்குழப்பம், எந்நேரமும் நித்திரை என்றார். கப்டன் பகலில் தூங்குகிறவர் அல்ல. அதனால்தான் புறப்பட்டேன்.

மாலை 6.40க்கு மெல்பேர்ன். இரவு சிநேகிதி வீட்டில் தங்கினேன். மறுநாள் முப்பது கிலோமீற்றர் ரயிலில் போய், 10.20க்கு டண்டினொங்கில் உள்ள அந்த இல்லத்துக்குள் நுழைந்தேன்.

கப்டன் கதிரையில் தலை தொங்கக் கிடந்தார். வாயோரம் எச்சில். கூப்பிட்டேன், கண் திறக்கவில்லை. பொறுப்பில் இருந்த நர்ஸ் கவிதா, மதுரைப் பெண், தமிழில் பேசினாள்.

"சவுத் போல்ல பிளேன் ஓட்டினேன்னு சொல்லிட்டே இருப்பாரு அக்கா. மெக்கானிக்கைக் காப்பாத்துங்கன்னு கத்துவாரு. டில்யூஷன்னு, நடக்காததை நம்புறாருன்னு, ஃபைல்ல இருக்கு. அதான் அமைதிப்படுத்துற மாத்திரை."

நான் அலுமாரியைத் திறந்தேன். மெரிலேண்ட்ஸில் அவருடைய சாமான்களை அடுக்கி நானே ஒட்டிய பெட்டி, ஒட்டுநாடாகூடப் பிரியாமல் இருந்தது. கிழித்து, அவருடைய பறப்புக் குறிப்பேட்டையும், பனியில் விமானத்தோடு சீருடையில் நிற்கும் படத்தையும் கட்டிலில் போட்டேன்.

"அவர் ஓட்டினவர். நாலு மாசமா இந்தப் பெட்டி இஞ்சதான் கிடக்குது. ஒரு ஆளாவது திறந்து பார்த்தனீங்களா?"

"நான் சேர்ந்து மூணு வாரம்தான் ஆகுது."

"எல்லாரும் வந்து மூண்டு கிழமைதான். அவருக்குத் தொண்ணூற்றிரண்டு வயசு."

மனேஜர் வந்து, டொக்டர் வியாழக்கிழமைதான் வருவார், அதுவரை எதையும் மாற்ற முடியாது என்றார். நான் கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன், வெளியே போகமாட்டேன் என்று. டொக்டருக்குப் போன் அடித்தது கவிதாதான், மனேஜரைக் கேளாமலே. மத்தியான மாத்திரையை நிறுத்திவைக்கச் சொன்ன டொக்டர், மறுநாளே வர ஒப்புக்கொண்டார்.

4.30க்குக் கப்டன் கண் விழித்தார். என்னைப் பார்த்தார். "நான் பொய் சொல்லவில்லை," என்றார் ஆங்கிலத்தில், ஒரு குழந்தையைப் போல.

"எனக்குத் தெரியும், கப்டன்."

வேலைக்குத் திரும்பவேண்டியிருந்ததால் டொக்டர் வரும்வரை நிற்க முடியவில்லை; அடுத்த நாள் காலை திரும்பும் ரயிலில் ஒன்றையும் வாசிக்க முடியவில்லை. மன்னாரிலிருந்து வந்த புதிதில், அகதி விசாரணையில் மேசைக்கு அப்பால் இருந்த ஓர் அதிகாரி என் கதையை நம்பவில்லை. என்னிடம் அத்தாட்சி காட்டக் கடதாசி இல்லை. கப்டனிடம் ஒரு பெட்டி நிறையக் கடதாசி இருந்தது; அவரிடம் எவரும் கேட்கவேயில்லை. மாநில எல்லையில் அல்பரி தாண்டியும் என் கோபம் இறங்கவில்லை. இறங்கவேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.