காலிப் படங்கள்

அலுவலகத்தில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, அவ்வளவு தைரியம் அங்கே யாருக்கும் கிடையாது. கோபம் அவளுக்கு மூக்கின்மேலேயே உட்கார்ந்திருக்கும். ஆனால் நியாயமில்லாமல் அவள் கோபப்பட்டதாக எதிரிகூடச் சொல்ல மாட்டான்.

மிகத் தொலைவில் இருக்கும் விண்மீன் திரள்களில் எவ்வளவு மூலக்கூறு வாயு இருக்கிறது என்று அளப்பது அவள் வேலை. நட்சத்திரங்களுக்கு அந்த வாயுதான் மூலப்பொருள். அது குளிர்ந்து இறுகினால் நட்சத்திரம் பிறக்கும், தீர்ந்துபோனால் பிறப்பும் நின்றுபோகும். அதில் பெரும்பங்கு ஹைட்ரஜன். அந்தக் குளிரில் ஹைட்ரஜன் வாயே திறக்காது. அதனால் கூடவே துளியூண்டு கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடு அனுப்பும் ரேடியோ அலையைப் பிடித்து, அதை வைத்து மொத்தத்தையும் கணக்கிடுவார்கள். தொலைவிலிருந்து வரும் அலை என்றைக்கோ கிளம்பியது. ஆகவே தள்ளிப் பார்க்கப் பார்க்க, பழைய காலம் தெரியும். ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன் திரள்கள் வாயுவில் கொழித்தன, இன்று அதில் சொச்சம்தான் மிச்சம். எவ்வளவு கொழித்தன, எந்த வேகத்தில் வற்றின என்று காட்டும் ஒரே ஒரு வளைகோட்டுக்காக ஏழு வருடம் திரையைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் பூத்துப்போயிருந்தது.

அவள் அளந்த திரள்களில் மூன்றில் ஒரு பங்கில் அலை கிடைக்கவே இல்லை. இரைச்சலின் கிறுக்கல் மட்டும்தான். அலுவலகத்தில் அவற்றைக் காலிப் படங்கள் என்பார்கள். ஒவ்வொன்றிலும் கண்ணுக்குப் படாத மெல்லிய அலை ஒளிந்திருக்கலாம் என்று, எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டிப் பார்த்தாள். அப்படிக் கூட்டினால் இரைச்சல் அடங்கும், உண்மையான அலை தலைதூக்கும். தூக்கவில்லை. நிஜமாகவே காலி. மற்றவை கொழித்துக் கிடந்த காலத்திலேயே கையிருப்பு தீர்ந்து, நட்சத்திரம் பிறப்பது நின்றுபோன திரள்கள் அவை. அவளுக்கு அது பெரிய சேதி.

குழுத் தலைவருக்கு அது பெரிய இடைஞ்சல். கட்டுரை இதழுக்குப் போகவேண்டிய நாளன்று காலையில் அவள் கோப்பைத் திறந்தாள். வளைகோடு மலை மாதிரி நிமிர்ந்து நின்றது. காலிப் படங்களை மொத்தமாகத் தூக்கிவிட்டு, அலை கிடைத்த திரள்களை மட்டும் வைத்துச் சராசரி எடுத்திருந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, அவர் அறைக்குள் போனாள்.

"சார், காலிப் படமெல்லாம் எங்க?"

"அதுல என்னம்மா இருக்கு? ஒண்ணுமே இல்லையே."

"ஒண்ணுமே இல்லைங்கறதுதானே சார் நாம அளந்து கண்டுபிடிச்சது! அதைத் தூக்கிட்டா, அந்தக் காலத்துல எல்லாத்துலயும் வாயு பொங்கி வழிஞ்சுதுன்னு ஆயிடும். அப்புறம் தலைகுப்புற வத்திப்போச்சுன்னும் ஆயிடும். ரெண்டும் பொய்."

"எல்லாத்துக்கும் கொஞ்சம் நெளிவு சுளிவு வேணும்மா. கோடு எவ்வளவு அழகா வந்திருக்கு பாருங்க. கட்டுரையில முதல் பேர் உங்களோடதுதான்."

நெளிவு சுளிவாம்! ஏழு வருட உழைப்பைப் பொய்யாக்கிவிட்டு, அந்தப் பொய்யின் நெற்றியில் அவள் பெயரையே ஒட்டப் பார்க்கிறார். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவர் மேசையிலிருந்த கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். தன் பெயரைத் தானே அழித்தாள்.

"பேர் இல்லாம போனா உங்களுக்குத்தான் நஷ்டம். உங்க வேலை ஒப்பந்தம் வேற முடியப்போகுது. அடுத்த வேலைக்கு எதைக் காட்டுவீங்க?"

"காலிப் படத்தையும் சேத்து நானே தனியா எழுதறேன். அப்ப வேற கோடு வரும். அதைக் காட்டிக்கறேன்."

கதவை அவள் சாத்திய வேகத்தில் அடுத்த அறையில் டீ சிந்தியது.

வீட்டில் அவள் கணவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட வாத்தியார், அதிர்ந்து பேசாத மனிதர். கைப்பையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றபடியே அவள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். வேலை போகப்போவதையும் சொன்னாள். நல்லதுதான் செய்தாய் என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தாள்.

"இதுக்குப் போயா வேலையை விடுவாங்க? ஊர் உலகத்துல நடக்காததா?" என்றார் அவர். "எங்க ஸ்கூல்ல மட்டும் என்ன வாழுதாம்? பெயிலாயிடுவாங்கன்னு தெரிஞ்ச பசங்களைப் பரீட்சை எழுத வேண்டாம்னு முன்னாடியே அனுப்பிட்டோம். அப்புறம்தான் நூத்துக்கு நூறுன்னு வாசல்ல போர்டு வெச்சோம்."

அந்தப் பலகை முன்னால் இருவரும் சேர்ந்து நின்று படம் எடுத்திருக்கிறார்கள். அதைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பி, பெருமை பிடிபடாமல் திரிந்தவள் அவள்.

"நீங்களுமா அனுப்பினீங்க?"

"மேலிடத்து உத்தரவு. என் கிளாஸ்ல அஞ்சே பேர்தான்."

அஞ்சே பேராம். தலைவரிடம் வந்ததெல்லாம் ஒரு கோபமே இல்லை என்று அவளுக்கு அப்போது தோன்றியது.

"அவங்க பேரைச் சொல்லுங்க."

"இப்ப எதுக்கு அது?"

"என் காலிப் படத்துல எதை வேணும்னாலும் கேளுங்க, வானத்துல எந்த மூலையில இருக்குன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். உங்க பசங்க ஒரு வருஷம் உங்க கண்ணு முன்னாடி உக்காந்திருந்தாங்க. சொல்லுங்க!"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். ஒரு பெயரைச் சொன்னார். கொஞ்சம் யோசித்து இன்னொன்றும் சொன்னார்.

"அப்புறம் அவன்... ஜன்னல் ஓரமா உக்காருவானே... நல்லா படம் வரைவான்..."

அவள் கையைக் கட்டிக்கொண்டு காத்து நின்றாள். பெயர் அவர் வாயில் வரவே இல்லை.