பனிமலையில் போர் போட்ட சரிதா

திருச்செங்கோட்டில், போர்வெல் ரிக் வண்டிகளை நாடு முழுக்க அனுப்பிவைக்கும் ஓர் அலுவலகத்தில் போன் எடுப்பது சரிதாவின் வேலை. எந்த வண்டி எந்த மாநிலத்தில் நிற்கிறது, எந்த டிரைவருக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் அவள் காது வழியாகத்தான் முதலாளிக்குப் போகும். அவள் கணவன் தமிழரசுவும் ரிக் டிரைவர்தான். வருஷத்தில் எட்டு மாதம் ராஜஸ்தானில் இருப்பான். அவன் போனில் பேசும்போது பின்னால் ஓடும் சத்தத்தை வைத்தே, "ஏனுங்க, பாறை வந்துருச்சாட்ட இருக்குது?" என்று கேட்டுவிடுவாள். "உனக்கு எப்படிப் புள்ள தெரியுது?" என்று அவன் அசந்துபோவான்.

கேட்ட சத்தத்தை அப்படியே திருப்பிச் சொல்வது அவளுக்குச் சிறுவயதிலிருந்தே வரும். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில் அப்பாவுக்கு வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பண்ணைக்குள் நின்று அவள் கொக்கரித்தால் கூண்டுக்கோழிகள் எல்லாம் பதில் சொல்லும். பெரியவளானதும் கல்யாண வரவேற்பிலும் கோயில் திருவிழாவிலும் பலகுரல் நிகழ்ச்சி நடத்தினாள். ஞாயிற்றுக்கிழமை மேடை, திங்கட்கிழமை போன் என்று நாற்பது வயது வரைக்கும் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மண்டபத்தில் அவள் நிகழ்ச்சி நடந்த அன்று சினிமா நகைச்சுவை நடிகர் பூவராகன் விருந்தாளியாக வந்திருந்தார். மூன்று படங்களில் ராணுவ மேஜராக நடித்தவர். வருஷத்துக்கு ஒரு முறை எல்லையில் இருக்கும் வீரர்களுக்குக் கலைநிகழ்ச்சி நடத்தப் போவார். நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தார்.

"அம்மா, அடுத்த மாசம் லடாக் போறேன். நீங்களும் வரணும். நடுவுல ஒரு பத்து நிமிஷம் நீங்க பண்ணுனா போதும்."

"நானுங்களா?" என்று சரிதா தன் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

தமிழரசுவுக்குப் போன் போட்டுச் சொன்னதும் அவன் ரிக்கை நிறுத்தச் சொல்லிவிட்டான். "பேசாம போயிட்டு வா புள்ள. நானும் பாதி இந்தியாவைப் பாத்துட்டேன், அந்த மேட்டுக்கு மட்டும் போனதில்லை. எனக்கும் சேத்துப் பாத்துட்டு வா" என்றான். முதலாளி ஒரு வாரம் லீவு கொடுத்தார். அலுவலகத்தில் இருந்தவர்கள் சேர்ந்து ஒரு கம்பளிக் கோட்டு வாங்கித் தந்தார்கள். அது அவளுக்கு முழங்கால் வரைக்கும் வந்தது.

லே நகரத்தில் இறங்கியதும் மூன்று நாள் சும்மா படுத்திருக்கச் சொன்னார்கள். உடம்பு உயரத்துக்குப் பழக வேண்டுமாம். சரிதாவுக்கு லேசான தலைவலியோடு போயிற்று. பூவராகனுக்குத்தான் மூச்சு இழுத்தது. நான்காம் நாள் காலையில் ராணுவ மருத்துவர் அவர் விரலில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, மேலே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு படுத்திருந்த பூவராகன் சரிதாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மூணு படத்துல இந்த மலையைப் பிடிச்சவன் நான். ஸ்டூடியோவுல உப்பைக் கொட்டித்தான் பனின்னு காட்டுனாங்க. நிஜப் பனி என்னைப் படுக்க வச்சிருச்சு. நீங்க போங்கம்மா. முழு நிகழ்ச்சியும் உங்களோடதுதான்."

"ஐயோ, ஒரு மணி நேரமுங்களா? எனக்கு இந்தியும் தெரியாதுங்களே!"

"கோழிக்கு இந்தி தெரியுமா என்ன? போங்க."

ராணுவ வண்டி ஐந்து மணி நேரம் வளைந்து வளைந்து ஏறியது. கூடவே வந்தவன் மாதேஸ்வரன் என்ற வீரன். வாழப்பாடிக்காரன். அந்த முகாமில் இருக்கும் ஆறு தமிழர்களில் ஒருவன். மொழிபெயர்க்க அவனைத்தான் அனுப்பியிருந்தார்கள். வழியெல்லாம், "அக்கா, தண்ணி குடிங்க. அக்கா, தூங்கிடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

மதியம் மூன்று மணிக்கு, தகரக் கொட்டகைக்குள் மண்ணெண்ணெய் அடுப்பு எரிய, எண்பது வீரர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சரிதா வணக்கம் சொல்லிவிட்டுத் தனக்கு நன்றாக வரும் சினிமா நடிகர்களின் குரல்களில் ஆரம்பித்தாள். ஆறு தமிழர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மற்ற எழுபத்துநான்கு பேரும் மரியாதைக்குக் கை தட்டினார்கள். ஐந்தே நிமிஷத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. நாற்காலி கேட்டு உட்கார்ந்தாள்.

மாதேஸ்வரன் குனிந்து, "அக்கா, அவங்களுக்கு ஒண்ணும் புரியல போல. பாட்டு ஏதாச்சும் போட்டுடட்டுமா?" என்றான்.

"இரு சாமி, ஒரு நிமிசம்" என்றாள் சரிதா.

கண்ணை மூடி முட்டையிடப் போகும் கோழியாக ஒரு முனகல் விட்டாள். பக்கத்துக் கோழி என்ன என்று கேட்டது. இன்னொன்று சலித்துக்கொண்டது. முட்டை விழுந்ததும் கொட்டகை முழுக்க ஒரே கொக்கரிப்பு. முதலில் சிரித்தது பின்வரிசையில் நின்ற சமையல்காரர். கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முன்வரிசை வரைக்கும் ஓடி வந்தது.

சரிதாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. அடுத்து ரிக் வண்டியை எடுத்தாள். கம்ப்ரசர் லாரி இருமிக்கொண்டே கிளம்பியது. இரும்பு ராடு ஒன்றோடொன்று மோதிப் பூட்டிக்கொண்டது. மண்ணில் மெதுவாக இறங்கி, பாறையில் முட்டி, கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது. மாதேஸ்வரன் எழுந்து, இது போர்வெல் வண்டி என்று இந்தியில் சொன்னான்.

ஊரில் இந்த உருப்படி வேறு மாதிரி முடியும். எண்ணூறு அடி போயும் புழுதிதான் பறக்கும், நிலத்துக்காரர் தலையில் கை வைப்பார், தண்ணீர் இருக்கிறது என்று சொன்ன ஆள் சத்தமில்லாமல் நழுவுவார். பட்டுத் தெரிந்த ஜனம் வயிறு வலிக்கச் சிரிக்கும். அந்தப் புழுதிக்குத்தான் சரிதா வந்துகொண்டிருந்தாள். அப்போது கண்ணைத் திறந்தவள் எதிரே பார்த்தாள். முறுக்கு மீசை வைத்த ஒருவன் முழங்காலில் எழுந்து நின்று, இரண்டு கையையும் கோத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ராஜஸ்தான்காரன் என்று பிறகு தெரிந்தது. அவனைச் சுற்றி இருந்தவர்களும் கழுத்தை நீட்டியிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. இவர்களுக்கு எப்படிப் புழுதியைக் காட்டுவது?

பாறைச் சத்தத்தை ஒரு கணம் நிறுத்தினாள். அடியில் எங்கேயோ ஒரு களகளப்பு. அது தடித்தது, குமுறியது, குழாய் வழியே ஏறி வந்து, வெடித்துப் பொழிந்தது.

"பானி!" என்று கத்தினான் மீசைக்காரன். "பானி! பானி!" என்று கொட்டகையே எழுந்து நின்றது. ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். யாரோ தொப்பியை மேலே வீசினார்கள். சரிதாவுக்கு வாயெல்லாம் வறண்டுபோயிருந்தது. ஆனாலும் தண்ணீரை நிறுத்த மனம் வரவில்லை. மூச்சு இருக்கும் மட்டும் ஓடவிட்டாள்.

அதற்குப் பிறகு மேடை அவளுடையதாக மட்டும் இருக்கவில்லை. வங்காளத்து வீரன் ஒருவன் வந்து தன் ஊர்ப் படகின் சங்கொலியை ஊதிக் காட்டினான். அவள் திருப்பி ஊதினாள். இன்னொருவன் தன் அம்மா மலையில் ஆடுகளைக் கூப்பிடும் குரலைக் கொடுத்தான். அவள் அதே குரலில் கூப்பிட்டதும் அவன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். கடைசியில் முகாம் அதிகாரியே எழுந்து வந்து, காலையில் கிளம்ப மறுக்கும் தன் மனைவியின் ஸ்கூட்டரைச் செய்து காட்டினார். சரிதாவின் ஸ்கூட்டர் நான்காவது உதையில் கிளம்பியது. அப்போது எழுந்த கைதட்டலில் தகரமே அதிர்ந்தது. ஒரு மணி நேர நிகழ்ச்சி இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

மறுநாள் லே திரும்பியதும் பூவராகன், "ஒண்ணு விடாமச் சொல்லுங்க" என்றார். சொன்னால் தீருமா? கோழியிலிருந்து ஸ்கூட்டர் வரைக்கும் கட்டில் ஓரத்தில் நின்று செய்து காட்டினாள். அவர் சிரித்த சிரிப்பில் மூக்குக் குழாய் கழன்றுவிட்டது. ஓடி வந்த நர்ஸம்மா இரண்டு பேரையும் திட்டிவிட்டு, கதவோரம் நின்று மீதியைக் கேட்டுவிட்டுப் போனாள்.

ஊருக்கு வந்தபோது தமிழரசு ரயிலடியிலேயே காத்திருந்தான். அவளுக்காகவே ராஜஸ்தானிலிருந்து வந்திருந்தான். "மலை எப்படி இருந்துச்சு புள்ள?" என்றான்.

"மலையை எங்கீங்க பாத்தேன்? மனுசங்களைப் பாக்கறதுக்கே நேரம் பத்தலீங்க" என்றாள்.

அந்த முகாமிலிருந்து இப்போதும் வாட்ஸ்அப்பில் சத்தங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. லீவில் ஊருக்குப் போகிற ஒவ்வொருவனும் ஒன்றை அனுப்புகிறான். கோயில் மணி, மாவு மில், மழை, ஒட்டகம். சரிதா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுப் பழகி, பதில் அனுப்புவாள். "ஏம்மா, நம்ம ஆபீசுல ஒட்டகம் எங்கிருந்து வந்துச்சு?" என்று முதலாளி எட்டிப் பார்ப்பார்.

போன வாரம் வங்காளத்து வீரன் வீடியோவில் கூப்பிட்டான். பிறந்து பன்னிரண்டு நாளான மகளைக் காட்டினான். குழந்தை வீறிட்டு அழுதது. அலுவலகமே சரிதாவைச் சுற்றிக் கூடிவிட்டது. அவள் ஒரு விநாடி காது கொடுத்துக் கேட்டாள், பிறகு அதே அழுகையை அழுதாள். குழந்தை சட்டென்று நிறுத்திவிட்டது. யார் அது என்பது போலத் திரையைப் பார்த்தது. பிறகு முன்னைவிட இரண்டு மடங்கு சத்தமாக ஆரம்பித்தது. வங்காளத்திலும் திருச்செங்கோட்டிலும் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.