இருபத்திரண்டு கிணறுகளும் செபமாலையின் கொப்பியும்

“என்ர கொப்பியில ஒரு வெட்டுக் கோடு காட்டுங்கோ பாப்பம்! காட்டினா, அண்டைக்கே இந்தக் கயித்தோட நானும் கிணத்துக்குள்ள இறங்கிறன்!”

தாழ்வுபாட்டுக் கோயில் மண்டபத்தில் செபமாலை இப்படி முழங்கியபோது மேசையிலிருந்த கொப்பியே பெருமையில் விறைத்து நின்றதாகக் கேள்வி.

போர் முடிந்து சில ஆண்டுகளில் ஒரு கம்பனி வந்து, கனிமம் தேடிக் கரையோர மணலில் துளை போட்டது. இந்தத் தீவில் நிலத்தடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் பாலாடை போல மெல்லிசாகக் கிடக்கிறது, கிண்டினால் போச்சு. பயந்த ஊர்க்குழு, உப்பு அளக்கும் மீற்றர் ஒன்றை வாங்கியது. இருபத்திரண்டு கிணறுகளைச் சனிக்கிழமை தோறும் அளந்து கொப்பியில் எழுதும் பொறுப்பு, தண்ணீர்ப் பம்ப் இயக்கி ஓய்வுபெற்ற செபமாலைக்கு. மீற்றரின் முனையைக் கட்டிய கயிற்றில், ஒரு முழம் மேலே ஒரு முடிச்சு. முடிச்சு தண்ணீரைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். அதற்குக் கீழே உப்புத்தான், ஒரு விரல்கூட இறக்கக் கூடாது.

இப்பேர்ப்பட்ட நீதிமானுக்கும் நெஞ்சில் ஒரு முள் இருந்தது: பக்கத்து வளவு எட்வேட்டின் கிணறு.

வேலிக்கு அந்தப் பக்கம் அறுநூறு. இந்தப் பக்கம், செபமாலையின் சொந்தக் கிணற்றில், ஆயிரத்துத் தொளாயிரம். இலக்கம் ஏற ஏற உப்பு. இத்தனைக்கும் எட்வேட் ஒரு கூடை மண்கூட அள்ளியவனல்ல. சீதனமாக வந்த கிணறு அது. செபமாலைக்குச் சீதனமாக வந்தது ஒரு அலுமாரி.

ஊர்ப் பெண்கள் தண்ணீர்க் கான்களோடு அவருடைய வாசற் படலையைக் கடந்து எட்வேட் வீட்டுக்குப் போவார்கள். ஒருநாள் அந்த வரிசையில் மிகவும் பழக்கப்பட்ட முதுகு ஒன்று தெரிந்தது.

“இஞ்சேர், நீயுமோ?”

“பின்ன என்ன? உங்கட தண்ணியில பருப்பு மூண்டு மணித்தியாலம் கிடந்து பிடிவாதம் பிடிக்குது,” என்றாள் மனைவி றோசம்மா.

அடுத்த சனிக்கிழமை, எட்வேட்டின் கிணற்றில் கயிறு முடிச்சைத் தாண்டிப் போனது. செபமாலையின் கை அதைத் தடுக்கவில்லை. கண்கள் வானத்தில் ஏதோ பறவையைத் தேடின. அடியில் மீற்றர் மூவாயிரம் காட்டியது. முத்து முத்தான எழுத்தில் பதிந்தார்.

ஊர் கலங்கியது, குழுவோ துள்ளியது. கம்பனிக்கு எதிராக இதைவிடச் சாட்சி வேண்டுமா? திங்கட்கிழமை அரசாங்கக் கச்சேரி அதிகாரிகள் தங்கள் மீற்றரோடு வந்து முதலில் எட்வேட்டின் கிணற்றை அளப்பதென்று அன்றே ஏற்பாடாயிற்று.

பின்னேரம் எட்வேட் கானோடு செபமாலையின் படலையில் நின்றான்.

“அண்ணை, ரெண்டு கான் அள்ளட்டோ?”

எட்வேட் பக்கத்து வளவுக்கு வந்த நாள்முதல், செபமாலை பதினெட்டு வருடம் காத்திருந்த கேள்வி.

“அள்ளு, அள்ளு. உன்ர தண்ணி கரிக்குதோ?”

“எனக்கு ஒண்டும் தெரியேல்ல அண்ணை. மனிசி பிரான்சிஸ்காவும் முந்தின மாதிரித்தான் இருக்கெண்டு சொல்லுறா. ஆனா நீங்கள் எழுதினா எழுதினதுதானே. எங்கட நாக்குத்தான் பழுது.”

எட்வேட் அங்கேயே ஒரு மிடறு குடித்தான். முகம் சுளியாமலிருக்கப் பெரும்பாடு பட்டு, “நல்ல தண்ணி அண்ணை,” என்றான்.

அதன்பிறகு செபமாலைக்குச் சோறு இறங்கவில்லை. கச்சேரி மீற்றர் அறுநூறுதான் காட்டும். ஒரு கிணறு பொய்யென்றால் மற்ற இருபத்தொன்றையும் யார் நம்புவார்? நாளை உண்மையாகவே உப்பு ஏறினாலும் இந்தக் கொப்பியை எவரும் திறந்து பார்க்கமாட்டார்கள்.

ஞாயிறு காலை ஊர் பூசைக்குப் போயிருக்க, அவர் மட்டும் எட்வேட்டின் வளவுக்குள் நுழைந்தார். கயிற்றை இறக்கி, முடிச்சில் நிறுத்தினார். அறுநூற்றுப் பத்து. கிணற்றுக்கட்டின் மேல் அமர்ந்து, மூவாயிரத்தின் மேல் அடிமட்டத்தை வைத்து நேராக ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் 610 என்று எழுதினார். கீழே, “கயிறு முடிச்சைத் தாண்டி இறக்கப்பட்டது. இறக்கியவர் செபமாலை” என்று குறித்துவிட்டு, மை காயும்வரை ஊதிக்கொண்டிருந்தார்.