கப்பலில் ஏற்றாதவர்கள்

பிள்ளைகளின் நிறையைக் குறிக்கும் இளஞ்சிவப்பு அட்டை அது. மாதங்களை வெட்டிவிட்டு ஆண்டுகள் எழுதியிருந்தது. கிலோவை வெட்டிவிட்டு ஆட்கள். அதன் கட்டங்களுக்குள் நீல மையில் ஒரு கோடு மெல்ல ஏறிப் போனது. செவ்வாய்க்கோளில் நான் கதையில் குடியேற்றிய இருநூறு பேர் நூறு ஆண்டில் எத்தனை பேராவார்கள் என்று எங்கள் பகுதி மருத்துவமாது போட்டுத் தந்த கணக்கு.

அப்போது ஓர்ஸ் ஹில்லில் வாடகைக்கு இருந்தோம். மகளுக்கு எட்டு மாதம். ஒரு வார இதழில் அந்தத் தொடர்கதையை எழுதிக்கொண்டிருந்தேன். பிள்ளையைப் பார்க்க ஸ்கூட்டியில் வரும் மருத்துவமாதுவை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மேசையில் கிடந்த என் கணக்கை ஒருநாள் எட்டிப் பார்த்தார். நூறு பெண்கள், ஆளுக்கு நான்கு பிள்ளைகள், தலைமுறைக்குத் தலைமுறை இரட்டிப்பு. “தம்பி, கோழிப்பண்ணைக் கணக்கெல்லோ போட்டு வைச்சிருக்கிறியள்” என்று சிரித்தார்.

அதன் பிறகு அவர் வரும் நாளெல்லாம் செவ்வாய்க்கோளிலும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனார். பிள்ளைக்கும் பிள்ளைக்கும் எவ்வளவு இடைவெளி, இரத்தம் குறைந்த தாய்மார் எத்தனை பேர், முதல் சாவு எப்போது என்றெல்லாம், அடுத்த கிளினிக் எப்போது என்று கேட்பதைப் போலக் கேட்டு, அந்த அட்டையில் கோட்டை வரைந்தார். கடைசியில், பேனையை மூடிக்கொண்டே, “பிள்ளை இல்லாத பொம்பிளையளை எங்கை வைச்சனீங்கள்? என்னைப் போலவை அங்கையும் இருப்பினம்தானே” என்றார். நாள் முழுக்க மற்றவர்களின் பிள்ளைகளைத் தூக்குபவர். அவர் சொன்ன விதத்தில் பாரம் ஏதும் இருக்கவில்லை. நான்தான் குனிந்துகொண்டேன். பேனையைத் திரும்பவும் திறந்து, கோட்டை ஒரு விரலளவு கீழே இறக்கி வரைந்தார்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. கடைசி அத்தியாயத்தில் எனக்கு ஒரு மாநகரம் வேண்டும். விளக்குகளும் தெருக்களும் சனத்திரளும் வேண்டும். மிஸ்ஸியின் கோடு போன போக்கில் பக்கத்திலிருந்த சின்ன லிங்கநகர் அளவுகூடத் தேறாது. ஒரேயொரு வசனம் போதுமாயிருந்தது. பிள்ளை பெற இயலாதவர்களைக் கப்பலில் ஏற்றுவதில்லை என்பது விதி. எழுதினேன். கோடு மேலே ஏறியது. அந்த வசனம் யாரைக் கரையில் விட்டுப் போகிறது என்பதை நான் நினைக்கவில்லை என்று நெடுங்காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். நினைத்தேன். நினைத்துவிட்டுத்தான் எழுதினேன்.

அந்த இதழ் வந்த வாரம் கிளினிக். மிஸ்ஸியின் மேசையிலும் ஒன்று கிடந்தது. மகளைத் தராசில் தொங்கவிட்டு, முள் நிற்கும்வரை பார்த்து, நிறையைக் குறித்தார். தலை நிமிராமலே கேட்டார்:

“கப்பல் வெளிக்கிட்டிட்டுதோ தம்பி?”

“ஓம் மிஸ்ஸி.”

“நல்லது.”

அடுத்த தாயைக் கூப்பிட்டார். பிறகும் வீட்டுக்கு வந்தார், பிள்ளையைப் பார்த்தார், ஒரு தவணையும் பிந்தவில்லை. மேசைப் பக்கம் மட்டும் திரும்பவில்லை. மன்னிப்புக் கேட்க அந்தச் சிறு வீட்டில் எத்தனையோ தடவை இடமிருந்தது. ஒவ்வொரு தடவையும் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.

மகள் இப்போது பல்கலைக்கழகத்தில். தொடரைப் புத்தகமாக்கலாம் என்று ஒருவர் கேட்க, அந்த விதியை வெட்டினேன். பிள்ளை இல்லாத பத்துப் பெண்களைக் கப்பலில் ஏற்றினேன். ஒருத்தி வைத்தியர், ஒருத்தி பயிர் வளர்ப்பவள், ஒருத்தி காற்று இயந்திரம் திருத்துபவள், இப்படி. தாள்களை எடுத்துக்கொண்டு, மிஸ்ஸி ஓய்வுபெற்று இருக்கும் உப்புவெளிக்குப் போனேன். என்னை மன்னிக்க அவருக்கு ஒரு வசதி செய்து கொண்டுபோகிறேன் என்ற நினைப்பு.

கதிரையை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு ஆறுதலாக வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“பத்துப் பேருக்கும் வேலை குடுத்திருக்கிறியள். பெத்தவையளிட்ட மட்டும் ஒண்டும் கேக்கேல்லை. அவையள் சும்மா ஏறலாம், என்ன தம்பி?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. தாள்களை அடுக்கி, ஓரம் தட்டி, என்னிடம் தந்துவிட்டு, “பிள்ளை எப்பிடி இருக்கிறா?” என்று கேட்டார். நல்லாயிருக்கிறாள் என்றேன்.

புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. பதினோராவதாக ஒருத்தியை, காரணம் ஏதும் சொல்லாமல், ஏற்றிவிடப் பார்க்கிறேன். சன்னலோரம் அவள் பேசாமல் இருந்தால் போதும். ஆனால் எழுதத் தொடங்கினால், நாலாவது வசனத்திலேயே அவள் கையில் யாருடையதோ ஒரு பிள்ளையைக் கொடுத்துவிடுகிறேன்.