பாக்கியம் அக்காவுக்குப் பிரெஞ்சுக் கதை படித்தேன்

ஊருக்குக் கதை படித்துக் காட்டுவதைப் போல் தொண்டையை வற்றவைக்கும் வேலை வேறில்லை. எழுத்துக் கூட்டத் தெரிந்த குற்றத்துக்காக என்னைப் போல் மாட்டிக்கொண்ட அக்கா தங்கைகளுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். மத்தியானச் சமையல் முடிந்ததும் நாலைந்து பேர் என் வீட்டில் கூடிவிடுவார்கள். கூலி, என் கைக்குழந்தைக்கு ஒரு செம்புப் பால். கொடுப்பவர் லயத்துக்குப் பின்னால் மாடு வைத்திருந்த பாக்கியம் அக்கா.

பெயர் சூட்டு விழா

அந்த முறை கிடைத்தது அட்டை கிழிந்த ஒரு புத்தகம். பிரெஞ்சு தேசத்துக் கிராமம் ஒன்றில் பண்ணைக்காரி மகளுக்கும் கூலிக்கு வந்த பையனுக்கும் காதல். யாரோ தமிழில் எழுதியிருந்தார்கள். பெயர்கள்தான் வாயில் நுழையவில்லை. நாலு பக்கம் தடுமாறிவிட்டு, பெண்ணுக்கு வள்ளி என்றும் பையனுக்குச் சின்னசாமி என்றும் நானே வைத்துவிட்டேன். கோபிப்பார்களோ என்று பயந்தேன். பாக்கியம் அக்காவின் கவலை வேறு. "பேரு என்னமோ இருந்துட்டுப் போவுது, தங்கச்சி. வீட்ல எத்தனை மாடு, அதைப் படி."

பனியில் புல்லுக்கட்டு

கதையில் பனிக்காலம் வந்தது. பனி எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். நான் மட்டும் கண்டேனா? பாசார் கடைகளில் மரத்தூளுக்குள் வைத்து விற்கும் ஐஸ், வானத்திலிருந்து கொட்டும் என்றேன். அந்தக் குளிரில் சின்னசாமி வள்ளியின் மாடுகளுக்குப் புல்லுக்கட்டு சுமந்து வருகிறான். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள்.

அக்காவின் மகள் செல்லம் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். காரணம் லயம் முழுக்கத் தெரியும். அவர்கள் மாட்டுக்குப் புல் அறுத்துப் போடும் வேலுவைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் சொல்லியிருந்தாள். அக்காவோ கிள்ளானில் கடை வைத்திருந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுக்க இருந்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டார் வெற்றிலை பாக்கோடு வருகிறார்கள். என் குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே அக்கா சொன்னார்: "புல்லுக்குக் கூலி குடுத்தாச்சுல்ல, பொண்ணை வேற குடுக்கணுமா?"

நின்றுபோன கண்

வெள்ளிக்கிழமை கடைசிப் பகுதி. வள்ளியின் தாய் சின்னசாமியை வாசலோடு விரட்டிவிடுகிறாள். அடுத்த பக்கத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவன் ஊரைவிட்டே போகிறான். வள்ளி வசதியான வீட்டில் வாழ்க்கைப்பட்டு, தாய் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. எதிரில் செல்லம் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை. தாய் மனம் மாறியதாக நானே சொல்லிக்கொண்டு போனேன். தாலிகூடக் கட்டவைத்துவிட்டேன்.

பாக்கியம் அக்காவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் கையை நீட்டி நிறுத்தினார். படிக்கும்போது என் கண் வரிக்கு வரி ஓடுமாம், இப்போது ஒரே இடத்தில் நிற்கிறதாம். உள்ளதைப் படி என்றார். படித்தேன். வயதான தாய் ஒண்டியாக மாடு கறப்பதில் கதை முடிந்தது. அக்கா பால் கறக்க எழுந்து போனார்.

மறுநாள் காலை செம்போடு வந்தார். கிள்ளான்காரர்களை வர வேண்டாமென்று சொல்லி ஆள் அனுப்பிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை வேலுவை வரச் சொல்லியிருக்கிறாராம். ஏனக்கா என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வள்ளியைப் பெத்த பொம்பளைக்கு, கடைசியில என்னாகும்னு முன்னாடியே படிச்சுச் சொல்ல ஆளில்லாமப் போச்சு, பாவம். எனக்கு நீ இருந்தே."

பொய்யாகப் படித்து நான் நடத்திவைக்கப் பார்த்த கல்யாணம், நான் பிடிபட்டதால்தான் நடந்தது என்றால், இந்தத் தொழிலில் இருக்கும் நீங்களாவது நம்புவீர்கள்.