இங்கிலாந்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு விலாசம்

என் கணவர் இங்கிலாந்துக்குப் போய் ஒன்றரை வருடம் கழித்துத்தான் மகளுக்கு அங்கே பள்ளிக்கூடம் தேடத் தொடங்கினோம். மட்டக்களப்பில் தாதி உத்தியோகத்தராக இருந்தவர் அவர். கென்ட் என்ற மாவட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, கூட வேலை செய்யும் மூன்று பேரோடு ஒரு வீட்டில் இருந்தார். நாங்கள் வந்தால் அதே தெருவில் தனியாக ஒரு சிறிய வீடு எடுப்பதாகப் பேச்சு. ஆகஸ்டில் நானும் மகளும் போக வேண்டும். விசா அலுவல் நடந்துகொண்டிருந்தது. மகளுக்குப் பதினொரு வயது. அந்த வயதுப் பிள்ளைகள் அங்கே செப்டம்பரில் பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாறுவார்களாம். மற்றப் பெற்றோர் எல்லாரும் முந்திய வருடமே விண்ணப்பித்து முடித்திருந்தார்கள். பிந்தி வருகிறவர்களுக்கு என்று ஒரு வழி இருந்தது. அந்த வழியில்தான் நாங்கள் நின்றோம்.

நானும் மகளும் செட்டிபாளையத்து வீட்டில் பின்னேரங்களில் போனை நடுவில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பார்த்தோம். தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டுக் கட்டங்கள் அடித்தேன். வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், பரீட்சை முடிவுகள் எப்படி, மேற்பார்வைக்கு வந்த அதிகாரிகள் என்ன எழுதியிருக்கிறார்கள். கடைசிக் கட்டம் மகளுடையது. அதில் அவள் "குதிரை இருக்கு", "சாப்பாடு சரியில்லாத மாதிரி" என்று தன் தீர்ப்புகளை எழுதினாள்.

கடைசியில் மூன்று மிஞ்சின. முதலாவது ஒரு தனியார் பள்ளிக்கூடம். அதன் படங்களைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. செங்கல் கட்டடம், புல்வெளி, நடுவில் ஒரு ஏரி. "இதென்னம்மா ஏரி? நம்மட ஆத்துக்குள்ள தூக்கிப் போட்டாத் தெரியவும் மாட்டா" என்றாள் மகள். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தருவார்களாம். அதை நம்பித்தான் விண்ணப்பித்தோம். இரண்டாவது அரசாங்கப் பள்ளிக்கூடம். அந்தப் பகுதியில் அதற்குத்தான் பெரிய பெயர். வீடு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று பார்த்துத்தான் பிள்ளைகளை எடுப்பார்கள். கணவரின் வீடோ நகரத்தின் மறுகோடியில் இருந்தது. மூன்றாவது, அவருடைய தெரு முனையிலேயே இருந்த பள்ளிக்கூடம். அதைப் பற்றி அதிகாரிகள் 'முன்னேற்றம் தேவை' என்று எழுதியிருந்தார்கள். அந்த இரண்டு சொல்லையும் கொப்பியில் எழுதிக் கீழே கோடு போட்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் வீடியோவில் போன் எடுத்தார். இரவு வேலை முடிந்து வந்த முகம். நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். மகள் மேசையில் இருந்தாள். போனைத் தண்ணீர்க் கூசாவில் சாத்தி வைத்திருந்தேன்.

"புள்ள, ஒரு வழி கிடக்கு" என்றார். "என்னோட வேல செய்யிற மலையாளி ஒருத்தர். அந்த நல்ல ஸ்கூலுக்கு மூணு தெரு தள்ளித்தான் வீடு. அவர்ர விலாசத்தப் போடுவம். கடிதம் வந்தா எடுத்துத் தாறன் எண்டுட்டார்."

"நாம அங்க இருக்கப் போறல்லையே."

"இங்க ஆரு வந்து பாக்கிற? எத்தின பேர் செய்யிறாங்க."

"நான் என்ன வேல செய்யிற எண்டு ஒங்களுக்குத் தெரியுந்தானே?"

"அது அங்க. இது நம்மட புள்ளட வாழ்க்க. அந்தத் தெரு முனைப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுட்டு, மறுகா காலம் முழுக்க யோசிக்கப் போறயா?"

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மகள் சோற்றைப் பிசைந்தபடி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு உறைக்கவேயில்லை.

என் வேலை இதுதான். களுவாஞ்சிக்குடியில் பிரதேச செயலகத்தில் முகாமைத்துவ உத்தியோகத்தர். கிராம உத்தியோகத்தர்கள் கொடுக்கும் வதிவிடச் சான்றிதழ்கள் என் மேசைக்கு வரும். வாக்காளர் இடாப்போடு ஒத்துப் பார்த்து, சரியென்றால் மேலொப்பத்துக்கு உள்ளே அனுப்புவேன், பிழையென்றால் திருப்பிக் கொடுப்பேன். பள்ளிக்கூடங்களில் முதலாம் வகுப்பு அனுமதிக் காலத்தில் அந்தச் சான்றிதழ்கள் குவியும். நல்ல பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட இருப்பதாகக் காட்டுவதற்காகச் சனம் தங்கச்சி வீட்டு விலாசம், மாமி வீட்டு விலாசம் எல்லாம் கொண்டு வரும். பதினாறு வருடங்களில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேனோ.

அந்தத் திங்கட்கிழமையும் ஒரு தாய் வந்தா. முப்பது வயது இருக்கும். களுவாஞ்சிக்குடியில் தங்கச்சி வீட்டில் ஐந்து வருடமாக இருப்பதாகச் சான்றிதழ். இடாப்பில் தேடினேன். அவவுடைய பெயர் வாவிக்கு அப்பால், படுவான்கரையில் ஒரு கிராமத்தில் இருந்தது.

"இண்டைக்கு எப்பிடி வந்த நீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டேன்.

"பாதையிலதான் மிஸ். முதல் பாதைய விட்டுட்டன், அதுதான் சுணங்கிட்டு."

பாதை என்று நாங்கள் சொல்வது வாவியைக் கடக்க ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிப் போகும் மிதவையை. களுவாஞ்சிக்குடியில் குடியிருக்கிறவவுக்குச் செயலகத்துக்கு வர அது தேவையில்லை. சொல்லி முடித்ததுமே அவவுக்கும் விளங்கிவிட்டது. முகம் கறுத்துப் போனது.

"மிஸ், எங்கட பக்கம் பள்ளிக்கூடம் கிடக்கு, ஒண்டாம் வகுப்புக்கு ரீச்சர் இல்ல. வாற ரீச்சர்மாரெல்லாம் மாத்தம் எடுத்துப் போயிருவாங்க. புள்ள சும்மா போய்ச் சும்மா வருது. மூத்தவன் அப்பிடித்தான் எழுத்துத் தெரியாமப் போனான்."

"விளங்குது. ஆனா இதுல நான் ஒண்டும் செய்யேலாது" என்று சான்றிதழைத் திருப்பி நீட்டினேன்.

வாங்கிக்கொண்டு உடனே போகவில்லை. "ஒங்கட புள்ள எங்க மிஸ் படிக்கிது?" என்று கேட்டா. கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டா. மட்டக்களப்பு நகரத்துப் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன். "நல்லம்" என்று சொல்லி, தாளை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு போனா. என் கைப்பைக்குள் கட்டம் அடித்த சீ.ஆர். கொப்பி இருந்தது. அன்றைக்கு வேறு எந்தச் சான்றிதழையும் என்னால் ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை. பக்கத்து மேசைக்காரியிடம் தலையிடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்தக் கிழமை வியாழக்கிழமைதான் தனியார் பள்ளிக்கூடத்தின் நேர்முகம். போனில்தான். பின்னேரம் இரண்டரைக்கு. பிள்ளை அறையில் தனியாக இருக்க வேண்டும், பெற்றோர் கடைசிப் பத்து நிமிடம் வந்து சேரலாம் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் ஊர் அம்மன் கோவிலில் சடங்கு நடந்துகொண்டிருந்தது. கோவில் நாலு வீடு தள்ளி. முதல் நாளே போய்ச் சொல்லி வைத்தேன். நாலு மணிக்குப் பிறகுதான் ஒலிபெருக்கி போடுவோம் என்றார்கள்.

மகளுக்குப் பள்ளிச் சீருடையையே உடுத்தி, தலையை இரட்டைப் பின்னலாகப் பின்னிவிட்டேன். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. விளங்காட்டித் திருப்பிச் சொல்லச் சொல்லு. பொய் ஒண்டும் சொல்லாத" என்று படித்துப் படித்துச் சொன்னேன். நேரத்துக்குத் திரையில் ஓர் அம்மா வந்தா. நரைத்த தலை, கண்ணாடி, மெல்லிய குரல். நான் கதவைச் சாத்திவிட்டுக் குசினிக்குள் போய் நின்றேன்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. ஒலிபெருக்கி தொடங்கியது. அம்மன் காவியம் படிக்கும் குரல் வீட்டுச் சுவரில் வந்து மோதியது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். கோவில் வாசலில் ஒலிபெருக்கிக்காரர் வயர்களுக்கு நடுவில் குந்தியிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் நிப்பாட்டுங்க!"

"சும்மா செக் பண்ணிப் பாக்கம் தங்கச்சி."

"என்ட புள்ளைய இங்கிலாந்தில இருந்து ஒருத்தர் கேள்வி கேட்டுக்கிட்டு இருக்கா. அரை மணித்தியாலம், அண்ணே. ஒங்களக் கும்பிட்டன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மண் அப்பிய என் காலைப் பார்த்தார். பிறகு சுவிட்சை நிறுத்தினார். "போங்க. நாலு மணி வரைக்கும் தொடமாட்டன்" என்றார்.

திரும்பி ஓடிவந்து அறைக் கதவடியில் நின்றேன். மகளுடைய குரல் கேட்டது. ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் கரும்பலகையில் எழுதுவதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேறு எந்தப் பள்ளிக்கூடங்களுக்கு விண்ணப்பிக்கிறாய் என்று அந்த அம்மா கேட்டிருக்க வேண்டும். மகள் பெயர்களைச் சொன்னாள். பிறகு தானாகவே தொடர்ந்தாள்.

"அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அப்பா தன்னுடைய நண்பரின் விலாசத்தை எழுதப் போகிறார். ஆனால் நாங்கள் அந்த வீட்டில் இருக்க மாட்டோம்."

நான் கதவுப் பிடியில் கை வைத்தேன். பிறகு அந்த அம்மா கேட்டா: "அதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?"

"பயமாக இருக்கிறது. வகுப்பில் எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்து, உன் வீடு எங்கே என்று கேட்டால் நான் எந்த வீட்டைச் சொல்வது?"

அப்பாவும் அம்மாவும் சோற்றுக்கு மேலால் கதைத்ததைக் கேட்டு, ஐந்து நாளாக இந்தப் பிள்ளை இதைத்தான் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறது. எனக்கு இது தோன்றவேயில்லை. சான்றிதழ்களைப் பார்த்தே பதினாறு வருடம் போனவள் நான். ஒரு பிள்ளை அந்தப் பொய் விலாசத்தோடு ஒவ்வொரு நாளும் வகுப்பில் இருக்க வேண்டும் என்பதை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

கதவைத் திறந்து உள்ளே போனேன். வியர்த்து வழிந்தது. மகளின் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என் ஆங்கிலம் கடிதம் எழுதும் ஆங்கிலம், பேசினால் இடறும். இடறிக்கொண்டே சொன்னேன்: "நான் வேலை செய்வது, மக்கள் எங்கே வசிக்கிறார்கள் என்று சரிபார்க்கும் அலுவலகத்தில். அந்த விண்ணப்பம் இன்னும் போகவில்லை. சரியான விலாசத்தோடுதான் போகும்."

அந்த அம்மா தலையாட்டினா. நம்பினாவா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு மகள் கடைசியாகப் படித்த கதைப் புத்தகத்தைப் பற்றிக் கேட்டா, நன்றி சொன்னா, திரை கறுத்துவிட்டது.

"நான் பிழையாச் சொல்லிட்டனா அம்மா?"

"இல்ல மனே" என்று அவளுடைய தலையைத் தடவினேன்.

"அப்பா ஏசுவாரா?"

"அத நான் பாத்துக்கிறன்."

அன்றிரவு நடந்ததைச் சொன்னபோது அவர் ஏசத்தான் செய்தார். மகளை அல்ல, என்னை. "இந்தப் பள்ளிக்கூடமும் போச்சு, அந்தப் பள்ளிக்கூடமும் போச்சு. ஒனக்கு ஒன்ட நேர்மைதான் பெரிசு" என்றார். "நேர்மையும் இல்ல, ஒண்டும் இல்ல. புள்ள பயந்து போய்க் கிடக்கிறாள்" என்றேன். போனை வைத்துவிட்டார். ஒன்றரை வருடத்தில் முதல்முறையாக மூன்று நாள் அவரிடமிருந்து சத்தமில்லை. நானும் எடுக்கவில்லை. மகள் அடிக்கடி வந்து போனை எடுத்துப் பார்ப்பாள், வைப்பாள், ஒன்றும் கேட்க மாட்டாள். அந்த மூன்று நாளில் நான் எங்கள் இரண்டு பேருக்கும் சமைத்ததை எங்கள் இரண்டு பேராலும் சாப்பிட முடியவில்லை.

அந்த நாட்களில்தான் படுவான்கரைத் தாயை மறுபடி கூப்பிட்டேன். வருகைப் பதிவில் இலக்கம் இருந்தது. சான்றிதழை மாற்றித் தர முடியாது என்று திரும்பவும் சொன்னேன். ஆனால் ஆசிரியர் இல்லை என்பதைப் பெற்றோர் எல்லாரும் சேர்ந்து எழுதி வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கொடுக்கலாம், நானே எழுதித் தருகிறேன் என்றேன். அடுத்து வந்த திங்கட்கிழமை இன்னும் மூன்று தாய்மாரோடு வந்தா. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இருந்து எழுதினோம். முன்னமே இதைச் சொல்லியிருக்கலாமே மிஸ் என்று அவர்களில் ஒரு தாய் கேட்டா. நான் அடுத்த வரியை எழுதினேன். கடிதம் போனது. நான் வேலையிலிருந்து விடுப்பெடுக்கும்வரை ஆசிரியர் வரவில்லை.

நாலாம் நாள் கணவரிடமிருந்து ஒரு படம் வந்தது. ஒரு நூலகம், தாழ்ந்த அலுமாரிகள், சிவப்புக் கதிரைகள். கொஞ்ச நேரத்தில் அவரே எடுத்தார்.

"தெரு முனைப் பள்ளிக்கூடத்துக்குப் போனன். வேல இல்லாத நாள், சும்மா வாசல்ல போய்க் கேட்டன். ஒரு ரீச்சர் கூட்டிக்கொண்டு போய் எல்லாம் காட்டினா. வெளிநாட்டுப் புள்ளைகளுக்கு இங்கிலிஷ் சொல்லிக் குடுக்கத் தனியா ஒராள் இருக்கு."

"எப்பிடி இருக்கு?"

"அந்த ஏரிப் பள்ளிக்கூடம் மாதிரி இல்ல. பரவாயில்ல." கொஞ்சம் நிறுத்தி, "என்ட வீட்டு விலாசத்தையே போடு" என்றார்.

அன்றைக்கே போட்டேன். அந்தக் கட்டத்தில் எழுத்தெழுத்தாக அவருடைய வீட்டு இலக்கத்தையும் தெருவையும் தட்டினேன். மகள் பக்கத்தில் நின்று சரிபார்த்தாள்.

தனியார் பள்ளிக்கூடம் இரண்டு கிழமை கழித்துக் கடிதம் அனுப்பியது. மகளை எடுக்கச் சம்மதம். உதவித்தொகை கட்டணத்தில் ஒரு பங்குக்குத்தான். மிச்சத்தைக் கட்ட எங்களால் முடியாது. நன்றி சொல்லி எழுதினோம். அந்த நல்ல அரசாங்கப் பள்ளிக்கூடம் காத்திருப்போர் பட்டியலில் மிகக் கீழே எங்கேயோ போட்டது. தெரு முனைப் பள்ளிக்கூடம் இடம் தந்தது. கடிதத்தை வாசித்தபோது எனக்குச் சந்தோசம் என்று சொல்ல முடியாது. 'முன்னேற்றம் தேவை' என்ற சொல் இன்னும் கொப்பியில்தான் இருந்தது. ஆனால் ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் விடியும்வரை முழிக்காமல் தூங்கினேன்.

விசா ஜூலையில் வந்தது. கணவர் சீருடை அளவு கேட்டு எடுத்தார். "டை கட்டத் தெரியுமா எண்டு கேளு, இங்க பொம்புளப் புள்ளைகளும் கட்டணுமாம்" என்றார்.

"இங்கயும் கட்டித்தானே போறன் அப்பா" என்று மகள் சிரித்தாள். பிறகு போனை வாங்கிக்கொண்டு முன்வாசலுக்குப் போய், தெரு முனைக்கு எத்தனை நிமிடம், மழை பெய்தால் நடந்து போகலாமா, நாய் இருக்கிற வீடு உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினாள். அவர் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.