ஒருத்தி மட்டும் இருந்த வகுப்பு

கோவையிலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்தால் பச்சையும் புகையும் கலந்த ஒரு வாசனை எழும். திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்புறம் இருந்த எங்கள் ஆரம்பப் பள்ளியில், கரும்பலகைக்குப் பூசுவதற்காக அதை நாங்கள் அரைக்கும் நாட்களில், எத்தனை முறை கை கழுவினாலும் அந்த வாசனை நகக்கண்ணில் தங்கி, ராத்திரி சோறு பிசையும்போதுகூட மேலே எழுந்து வரும்.

பள்ளி என்பது ஓடு வேய்ந்த ஒரே நீளக் கூடம்தான். இடையிடையே மூங்கில் தட்டிகளை நிறுத்தி வகுப்புகளைப் பிரித்திருந்தார்கள். மற்றவை எல்லாம் மலையாள வகுப்புகள். சாரல் அடிக்கிற மேற்குக் கோடியில் எங்கள் தமிழ் வகுப்பு. அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தார்; என்னைப் போலவே கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும், குமாஸ்தாக்களின் பிள்ளைகள் சிலருமாக ஒரு காலத்தில் அங்கே பெஞ்சுகள் நிறைந்திருந்தன.

ஞானம்மாள் டீச்சர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். யாரோ ஒருவர் வீட்டுப் பின்கட்டில் தனியாகக் குடியிருந்தார். எங்களுக்கு முன்பிருந்த வாத்தியார் பிரம்பால் மேசையை அடித்துக் கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போனவர்; இவரோ பிரம்பை ஓட்டு இடுக்கில் சொருகிவிட்டு, முதல் வாரம் முழுவதும் பெஞ்சுகளை நகர்த்திக்கொண்டிருந்தார். குள்ளமானவர்களை முன்னால் இருத்தினார், வாயாடிகளுக்கு நடுவே என்னைப் போன்ற ஊமைகளை வைத்தார், மழை ஒழுகும் இடத்தில் தம்முடைய நாற்காலியைப் போட்டுக்கொண்டார். "சட்டாம்பிள்ளை" வேலை திங்கட்கிழமைதோறும் ஆள் மாறும். திக்குவாய்ப் பையனுக்கும் அது உண்டு. வெளியே போக வேண்டியவர்கள் சுவரில் தொங்கும் ஒரு மரக்கட்டையை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். கட்டை ஆணியில் இல்லையென்றால் யாரோ வெளியே போயிருக்கிறார் என்று அர்த்தம், அவர் வரும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். அதற்கு நாங்கள் "போக்குக்கட்டை" என்று பெயர் வைத்திருந்தோம். சத்தம் கூடினால் டீச்சர் அதட்டமாட்டார், தம் குரலைத் தணித்துக்கொள்வார். என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காகவே நாங்கள் அடங்கிவிடுவோம்.

ஆனால் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். தமிழில் படித்து இங்கே என்ன உத்தியோகம் கிடைக்கும் என்று கேட்டுக் குமாஸ்தாக்கள் தங்கள் பிள்ளைகளை மலையாள வகுப்புக்கு மாற்றினார்கள், கடைக்காரர்களும் அதையே செய்தார்கள். ஓணம் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, என் பக்கத்தில் உட்காரும் சங்கரியும் தட்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டிருந்தாள். டீச்சர் பெயர் கூப்பிட்டார். "செண்பகம்." "உள்ளேன், டீச்சர்." அதோடு பெயர் கூப்பிடுவது முடிந்துவிட்டது.

வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ எழுந்து நின்று பிரார்த்தனையைத் தொடங்கினார். அன்று முதல் நான் ஒருத்தியே வரிசையாக நின்று உள்ளே வந்தேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் நானே சட்டாம்பிள்ளை ஆனேன். கேள்வி கேட்டுவிட்டு டீச்சர் ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டு வருவார், என் பெஞ்சுக்கு அவர் கண் வந்ததும் நான் கையைத் தூக்குவேன், "சொல்லு" என்பார். இடைவேளையில் மற்றவர்கள் முற்றத்தில் விளையாடும்போது சிலர் என்னைப் "பாண்டிக்குட்டி" என்று கூப்பிட்டுவிட்டு ஓடுவார்கள்; தமிழர்களை அங்கே கேலியாகப் பாண்டி என்பார்கள். நான் உள்ளேயே இருந்து, சங்கரியின் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பேன். டீச்சர் தம் தூக்குவாளியைத் திறந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவார். மற்ற ஆசிரியர்கள் அவரை வா என்று கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு மழைநாளில் கட்டையை எடுக்காமல் எழுந்து நடந்தேன்.

"கட்டை எங்க மக்ளே?" என்றார் டீச்சர்.

"வேற யாரு போகப்போறா டீச்சர்? நான் மட்டுந்தான இருக்கேன்?"

டீச்சர் புத்தகத்தை மூடி வைத்தார். "ஒருத்திதானேன்னு இத இன்னைக்கு விட்டேன்னு வையி, நாளைக்கு நான் நேரங்கழிச்சு வருவேன். அதுக்கு மறுநாளு நீ வரமாட்ட. பெறகு நாம ரெண்டுபேரும் மழைக்கு ஒதுங்குன ஆளுக மாதிரிதான். எடுத்துட்டுப் போ மக்ளே."

எடுத்துக்கொண்டு போனேன். அவருக்கும் என்னைவிட்டால் யாரும் இல்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மழை விட்ட பிறகு இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது. ஹெட்மாஸ்டர் மலையாளி, இரக்கமுள்ளவர். தட்டியோரம் வந்து நின்று, "டீச்சரே, பெஞ்சு காலியா கண்டால் கிளாஸ் பூட்டும். தமிழ் அறியாவுன்ன குட்டிகளை ஒரு மணிக்கூர் இங்கே இருத்தட்டே?" என்று, தமிழ் தெரிந்த பிள்ளைகளை ஒரு மணி நேரம் கடன் தருவதாகச் சொன்னார். டீச்சர் பதில் சொல்வதற்குள் எங்கள் பழைய வகுப்புப் பிள்ளைகள் வந்தேவிட்டார்கள். பெஞ்சுகள் கிரீச்சிட்டன, சங்கரி ஓடிவந்து என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், அவள் தலையில் தேங்காயெண்ணெய் மணந்தது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

டீச்சர் எல்லாரையும் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு நொடி என்னைப் போலவே ஓர் ஆசை வந்து போனது. பிறகு குரலைத் தணித்து, "நல்ல பிள்ளைக. ஆனா உங்க கிளாஸ் அங்கதான மக்களே. வரிசையாப் போங்க," என்றார். சங்கரியின் பாவாடையை நான் பிடித்துக்கொண்டேன். அவர் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார்.

இன்ஸ்பெக்டர் வந்து, சுற்றிப் பார்த்து, "இத்ர பெஞ்சு, ஒரு குட்டியோ?" என்று கேட்டார். "ஆமா சார், ஒருத்திதான்," என்றார் டீச்சர், பாடத்தை நடத்தினார். அவர் கண் பெஞ்சு பெஞ்சாக வந்தது, நான் கையைத் தூக்கினேன், பிழையில்லாமல் சொன்னேன். இன்ஸ்பெக்டர் என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அந்த மாதக் கடைசியில் வகுப்பை மூடச் சொல்லி உத்தரவு வந்தது.

அப்பாவுக்கு அது சௌகரியமாகப் போயிற்று. "பொம்பளப்பிள்ள, எழுத்துக் கூட்டத் தெரியுதுல்லா, போதும்," என்று நிறுத்திவிட்டார். மறுநாள் சாயங்காலம் டீச்சர் வீட்டுக்கே வந்தார். மலையாளம் வராததால் அக்கம்பக்கத்தில் யாரோடும் பேசாமல் இருந்த என் அம்மா, வாசலில் தமிழைக் கேட்டதும் கை ஈரத்தைக்கூடத் துடைக்காமல் ஓடிவந்தாள். டீச்சர் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, எனக்கு வேற ஸ்கூலுக்கு மாத்தலாயிட்டு. இவள நாளைக்கே மலையாள கிளாஸ்ல சேக்கணும். வீட்டுல ஒரு மாசம் இருந்துட்டா பெறகு வரமாட்டா. நானே கொண்டுபோய் இருத்திட்டுத்தான் போவேன்."

அப்பா யோசித்தார். அம்மா அவரைப் பார்த்து, "அனுப்புங்க. எனக்குப் பேச்சுத் துணைக்குன்னு இவள வீட்டுல வச்சிராதீங்க," என்றாள். அவள் அப்பாவுக்கு எதிராகப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

மறுநாள் டீச்சர் என் கையைப் பிடித்துத் தட்டியைச் சுற்றி அழைத்துப் போனார். அந்த வகுப்பு ஆசிரியரிடம், உடைந்த மலையாளத்தில், "இவள் தானாப் பறையில்லா. முன்னால் இருத்தணும், கைய நோக்கணும்," என்றார்; நானாகப் பேசமாட்டேன், என் கையைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று. அவர் தலையாட்டினார். முன்பெஞ்சில் இடமில்லை, கடைசியில் உட்காரவைத்தார்கள். முதல் கேள்விக்கு எனக்கு விடை தெரிந்தது. கையைத் தூக்கினேன். எனக்கு முன்னால் அத்தனை தலைகள், அத்தனை கைகள். யாரும் பார்க்கவில்லை. கை வலித்துக் கீழே இறக்கியபோது, தட்டிக்கு அந்தப் பக்கம் டீச்சர் தனியாகப் பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கும் சத்தம் கேட்டது.

பிறகு அவரை நான் பார்க்கவில்லை. மலையாளம் எனக்கு வசப்பட்டது; மலையாளத்தில் படித்து, மலையாளத்தில் உத்தியோகம் பார்த்து, இன்று கனவுகூட அதில்தான் காண்கிறேன். கடையில் பொட்டலம் மடிக்க வந்த பழைய தமிழ்ப் பத்திரிகைகளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியதால் தமிழும் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா போன பிறகு வாசித்துக் காட்ட ஆளில்லை. பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது ஒரு ஜவுளிக்கடையின் வண்டிகள் நிற்கின்றன. ஒரு தமிழ்ப் பத்திரிகைக்காக இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும், பிழை பார்த்துத் தர ஒருவரைத் தேடினேன். சங்கரி உயிரோடு இல்லை. என் பிள்ளைகளுக்குத் தமிழ் பேசினால் புரியும், படிக்கத் தெரியாது. தெருவில் விசாரித்ததில் யாரும் அகப்படவில்லை. நானே மேசையில் உட்கார்ந்து, வாய்விட்டு மெல்லப் படித்துத் திருத்தி, அனுப்புகிறேன்.